யாழ்ப்பாணத்துக்குப் போகிறோம்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 16, ஞாயிறு, மதுரை

யாழ்ப்பாணத்து ஆயர் எழுதிய கடிதத்தை ஆராதனைக்குப் பிறகு குழுவாக உட்கார்ந்து வாசித்தோம். பிரசங்கம் செய்ய அங்கே ஆட்கள் இருக்கிறார்களாம். தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்க ஒரு வாரம் யாராவது வந்தால் போதும் என்கிறார். செவிலியர் ஒருவர் இருந்தால் நல்லது, அங்குள்ள செவிலியருக்குத் துணையாக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்.

வேலைக்காலம் முழுவதும் வார்டில் நின்றவள் நான். நோயாளி பேச ஆரம்பிக்கும்போதே அடுத்த கட்டிலிலிருந்து கூப்பிடுவார்கள். நின்று கேட்க நேரம் கிடைத்ததே இல்லை. அந்தக் கடிதம் எனக்கென்றே வந்ததாக எடுத்துக்கொண்டேன்.

மகனுக்குச் சம்மதமில்லை. "உங்களுக்கே சர்க்கரை இருக்கிறது அம்மா, அங்கே போய் விழுந்துவிட்டால் யார் பார்ப்பார்கள்?" என்கிறான். அவன் கேட்பது நியாயம்தான். ஆனாலும் போகிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று திருமங்கலம் பக்கத்துக் கிராமச் சபைக்கு, எங்களுக்காக ஜெபிக்கக் கேட்டுப் போயிருந்தோம். கரிசல் காட்டு ஊர். சபையில் பெரும்பாலும் பெண்கள்; பாதிப் பேருக்கு மேல் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள்.

அங்கே கைப்பிடி அரிசி இன்னும் நிற்கவில்லை. உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைக்கிறார்கள். பெரும்பாலும் ரேஷன் அரிசிதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் இருக்கும் சாக்கில் கொட்டுகிறார்கள். சாக்கு நிறைந்ததும் ஏலம் விட்டு, பணத்தை ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். நகரத்துச் சபைகளில் இப்போது கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அதில் தவறில்லை; ஆனால் இந்தப் பெண்களைப் போல ஒவ்வொரு வேளையும் அடுப்பங்கரையில் நின்று ஊழியத்தை நினைக்கிறோமா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைய ஏலப் பணத்தை எங்கள் பயணத்துக்கென்று தீர்மானித்திருந்தார்கள். ஜெபம் மட்டும் போதும் என்று நான் மறுத்தேன். சங்கத் தலைவியான அக்கா விடவில்லை.

"சிஸ்டர், எங்களால் கடல் தாண்ட முடியாது. எங்கள் அரிசியாவது தாண்டட்டும்."

வாங்கிக்கொண்டேன். வரும் வழியில் வண்டியில் ஒருவரும் பேசவில்லை. அந்தப் பணத்தைப் பயணச் செலவில் சேர்க்காமல், அப்படியே முதியோர் பணிக்குக் கொடுத்துவிடுவது என்று வீடு வருவதற்குள் முடிவாகிவிட்டது.

ஜூலை 12

பாஸ்போர்ட், டிக்கெட், விசா. எந்த விசாவில் போகிறோமோ அதற்கு உட்பட்டுத்தான் எதையும் செய்வோம் என்பதில் குழுத்தலைவர் கண்டிப்பாக இருக்கிறார். விசுவாசம் என்றால் விதிகளைப் பார்க்காமல் கிளம்புவது என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதியவர்களுக்கு உதவுவதைப் படம் எடுத்துப் போட வேண்டாம் என்றும் தீர்மானித்தோம். ஒரு தம்பிக்கு மட்டும் வருத்தம்.

ஜூலை 21, ஞாயிறு

மாலையில் பசுமலையில் ஜெபக்கூட்டம். 1845 முதல் இங்கே மிஷன் செமினரி, அதாவது ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி, நடந்திருக்கிறது. 1881இல் அமெரிக்கன் கல்லூரியும் இந்த மலையடியில்தான் தொடங்கியது. எங்கள் ஆயர் அதற்கும் முந்தைய கதையைச் சொன்னார்.

அமெரிக்க மிஷனரிகள் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். 1834இல் அங்கிருந்துதான் மதுரைக்கு ஆள் அனுப்பினார்கள். ஹாய்சிங்டன், டாட் என்ற இருவருடன் யாழ்ப்பாணத் தமிழர்களும் கடல் கடந்து வந்தார்கள். வெள்ளைக்காரர்களின் பெயர்களை எல்லோரும் சொல்கிறோம். கூட வந்த தமிழர்களைப் பற்றி ஞாயிறு பள்ளியில்கூட யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இந்த ஊரில் வாசல் வாசலாக நின்று நம் மொழியில் பேசியவர்கள் அவர்களாகத்தானே இருக்க முடியும்!

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதில் ஒரு பேராயமாக, அதாவது ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதியாக, இணைந்தது. குடியேற்ற அதிகாரிக்குத்தான் நாங்கள் வெளிநாட்டவர். நாங்கள் உதவி செய்யப் போகிறோம் என்ற பேச்சை இன்றோடு நிறுத்திவிட்டேன். கடன்பட்டவர்கள் போகிறோம்.

ஆகஸ்ட் 5, பெருங்குடி விமான நிலையம்

இரவு சரியாகத் தூங்கவில்லை. பயம் இருக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன். வேதாகமத்தில் ஆபிரகாம் போகுமிடம் தெரியாமல் புறப்பட்டார். எங்களுக்குப் போகுமிடம், தங்குமிடம், திரும்பும் தேதி எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: பிள்ளைகளைப் போரில் இழந்த தாய் பேச ஆரம்பித்தால் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்பது. அதற்காக மட்டும் ஜெபித்தேன்.

மகன் மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு உறையின் மேலும் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

ஆகஸ்ட் 8, வட்டுக்கோட்டை

கொழும்பிலிருந்து இரவு பஸ். ஆனையிறவில் விடிந்தது.

இன்று போன வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர். மயிலிட்டிப் பக்கத்திலிருந்து 1990இல் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தவர். 1995இல் மறுபடியும். சொந்த ஊர் நிலம் திரும்பக் கிடைத்தபோது அங்கே வீடு கட்டும் வயது போய்விட்டது என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. ரத்த அழுத்தம் பார்த்ததெல்லாம் பேச்சு முடிந்த பிறகுதான்.

அப்புறம் அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். உங்கள் பக்கம் மழை உண்டா, வயல் உண்டா, சபையில் யார் யார்? கைப்பிடி அரிசியைப் பற்றிச் சொன்னேன். உடனே கொப்பி ஒன்றை எடுத்துவந்தார்; நோட்டுப் புத்தகத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

"அந்தப் பெண்களின் பெயர்களைச் சொல்லு பிள்ளை. வெறுமனே 'மதுரைச் சகோதரிகள்' என்று ஜெபித்தால் எனக்கு மனம் நிற்காது."

எனக்கு நினைவிருந்த பெயர்களைச் சொன்னேன். நடுங்கும் கையால் ஒவ்வொன்றாக எழுதினார். சாப்பிடாமல் அனுப்பவும் இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு, திருமங்கலம் பக்கத்துக் கிராமம்

சபையில் எழுந்து, யார் யாருடைய பெயர் அந்தக் கொப்பியில் இருக்கிறது என்று சொன்னேன். பெயர் விடுபட்டவர்கள் கோபித்துக்கொண்டார்கள்; தபாலில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டு எல்லாருடைய பெயரையும் எழுதி வாங்கினேன்.

"அந்த அம்மாவால் வர முடியாது, சரி. அங்கே இருக்கும் சின்ன வயதுப் பெண்கள் நாலு பேரை இங்கே கூப்பிடக் கூடாதா?" என்று அக்கா கேட்டார். அறுப்பின் பண்டிகைக்கு வந்து தங்கள் வீடுகளிலேயே தங்கட்டும், விமான டிக்கெட்டுக்கு இன்றிலிருந்தே அரிசி சேர்க்கிறோம் என்கிறார்கள். எங்கள் கமிட்டி செலவைக் கணக்குப் பார்க்கும், தயங்கும். அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைக்கச் சொல்லிச் செயலாளருக்கு இன்றிரவே கடிதம் எழுதிவிட்டேன். 1834இல் அவர்கள் வந்ததை முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்கப் போகிறேன்.