தகரக் கூரையும் தையல் மெஷினும்

தர்மசாலா பக்கத்தில் இருக்கும் ஷெராப் கட்செல் லோப்லிங், திபெத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த 18 முதல் 30 வயது வரையிலானவர்களுக்காகத் தொடங்கிய பள்ளி. இந்த மாதிரி இடங்களுக்குத் தையல் மெஷின் வாங்கித் தர ஆள் கிடைக்கும். சீலிங் போட்டுத் தரத்தான் ஆள் கிடைக்காது.

அந்த மலையடிவாரத்தில் ஜூலை, ஆகஸ்ட் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். வெறும் தகரக் கூரைக்கடியில் வாத்தியார் என்ன கத்தினாலும் மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்காது. திபெத்தின் ஆம்தோ, காம் பகுதிகளின் பேச்சு வேறு, தலைநகர் லாசாவின் பேச்சு வேறு. அமைதியான அறையிலேயே பாதிதான் புரியும். தகரத்துக்குக் கீழே இரண்டு அங்குலக் கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வுல்), அதற்குக் கீழே பிளைவுட் போடலாம். தகரத்தை ஒட்டிக் கம்பளியை அடைத்துவிடக் கூடாது. குளிர்காலத்தில் தகரத்தின் அடிப்பக்கம் வேர்க்கும். காற்று போக இடைவெளி இல்லையென்றால் கம்பளி நனைந்து, பிளைவுட் தொங்கிவிடும்.

விடுதியில் தொல்லையே வேறு. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். திபெத்திய அகதிகளிடையே காசநோய் அதிகம். மூடிய அறை அதற்குச் சௌகரியம். சுவரின் உச்சியில், சாத்த முடியாத வென்டிலேட்டர் வையுங்கள், ஆளுக்கு ஒரு போர்வை கூடுதலாகக் கொடுங்கள்.

இனி தையல். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர்தான். மூன்றாமவர் வேடிக்கை பார்ப்பார். முதல் வாரம் நூலே வேண்டாம். பழைய ஊசியைப் போட்டு, கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்லுங்கள், கால் பழகிவிடும். புதியவர்கள் துணியைப் பின்னாலிருந்து இழுப்பார்கள். ஊசி வளைந்து தகட்டில் இடித்து முறியும். சாதாரணத் துணிக்கு 14, சுபா என்ற திபெத்திய நீள அங்கி தைக்கும் தடித்த கம்பளித் துணிக்கு 18 என்று ஊசிகளைக் கூடுதலாகவே வாங்குங்கள். மழைக்காலத்தில் வகுப்பு முடிந்ததும் எண்ணெய் விட்டு, ஊசிக்கு அடியில் ஒரு துணித்துண்டு வைத்து மூடினால் துரு ஏறாது.

பலரும் தடுக்கி விழுவது அளவு டேப்பில். பள்ளிக்கே போகாதவருக்கு ஏழேகால் அங்குலம் எங்கே முடிகிறது என்று தெரியாது. அதைத் தையல் டீச்சர் தலையில் கட்டாமல் கணக்கு வகுப்பிலேயே, கையில் டேப்போடு சொல்லித் தர வேண்டும்.

தர்மசாலா பக்கத்து நோர்புலிங்கா கலைப் பயிற்சி நிலையத்தில் தங்கா என்ற திபெத்தியத் துணி ஓவியம் கற்கலாம், ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆகும்; உடனே சம்பாதிக்க வேண்டியவருக்குச் சரிப்படாது. டிரைவிங்குக்கு அனுப்பும் முன் ஆர்.சி. இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஆர்.சி. இல்லை, திபெத்திய அகதிக்கு இந்திய அரசு தரும் பதிவுச் சான்று. அது கைக்கு வராமல் ஓட்டப் பழகினால், லைசென்ஸ் எடுப்பது இழுபறிதான்.