வினையின் வாலில் ஓர் ஐயம்

டெல்லியில் ஒரு கொள்கை ஆய்வு நிறுவனத்தில், சீன ராணுவத்தையும் சீன வெளியுறவையும் கவனிக்கும் பிரிவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். ஊருக்குப் போகும்போது என்ன வேலை என்று கேட்பவர்களிடம், சீன ராணுவத்தின் செய்தித்தாளைப் படிக்கும் வேலை என்று சொல்வேன். வேடிக்கைக்குச் சொல்வதாக எண்ணிச் சிரிப்பார்கள். ஆனால் என் காலைப் பொழுதில் பெரும்பகுதி அதில்தான் கழிகிறது. ஒரு கூட்டத்தில் யார் பெயர் யாருக்கு முன்னால் வந்திருக்கிறது, முன்வரிசையில் யார் இல்லை, சென்ற ஆண்டு இதே நாளில் எழுதிய வாசகத்தில் எந்தச் சொல் மாறியிருக்கிறது என்பவற்றையெல்லாம் குறித்துவைப்பதுதான் அன்றாடப் பணி.

2023இல் பாதுகாப்பு அமைச்சர் லி ஷாங்ஃபு விஷயத்தில் நடந்ததைச் சொல்லலாம். ஆகஸ்ட் 29 அன்று பெய்ஜிங்கில் ஆப்பிரிக்க நாடுகளுடனான பாதுகாப்பு மாநாட்டில் பேசியவர், அதன்பின் எந்தப் பொது நிகழ்ச்சியிலும் தென்படவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஏவுகணைகளைக் கையாளும் ராக்கெட் படையின் தளபதி மாற்றப்பட்டு, கடற்படையிலிருந்து வந்த ஒருவர் அந்த இடத்தில் அமர்த்தப்பட்டிருந்தார். முன்னவர் என்ன ஆனார் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. செப்டம்பர் முழுவதும் எங்களுக்கு வந்த கேள்விகள் எல்லாமே அமைச்சர் கைதாகிவிட்டாரா என்பதுதான். எழுதக்கூடியதாக என்னிடம் இருந்ததோ, ஆகஸ்ட் 29க்குப் பிறகு அவரைக் காணவில்லை என்ற ஒற்றை வாக்கியம். அக்டோபர் 24இல் பதவி நீக்கம், 2024 ஜூன் 27இல் ஊழல் குற்றச்சாட்டின் பேரில் கட்சியிலிருந்து வெளியேற்றம் என்று மற்றவை பின்னால் வந்து சேர்ந்தன.

சொற்களைப் படிப்பது ஆட்களைக் கவனிப்பதைவிடக் கடினம். ‘முன்பே எச்சரிக்கவில்லை என்று பின்னால் சொல்லாதே’ என்ற பொருள் தரும் பழைய சீனத் தொடர் ஒன்று உண்டு. 1978 டிசம்பர் 25 அன்று சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏடான மக்கள் நாளிதழ் வியட்நாமை நோக்கி அதை எழுதியது. 1979 பிப்ரவரி 17இல் சீனப் படைகள் எல்லையைக் கடந்தன. இந்தத் துறைக்குள் வரும் ஒவ்வொருவரும் இந்தக் கதையை முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவார்கள். கேட்டவுடன் எச்சரிக்கைக்கும் போருக்கும் ஒரு வாய்ப்பாடு கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்கள். நானும் எண்ணினேன். 2019 மே மாதம் அமெரிக்காவுடனான வர்த்தகப் பூசலில், அரிய மண் தனிமங்களைப் பற்றிய கட்டுரையில் அதே நாளிதழ் அதே தொடரைப் பயன்படுத்தியது. துப்பாக்கி எதுவும் வெடிக்கவில்லை.

இன்னொரு சொல்லாட்சி எங்கள் நாட்டுக்கு நெருக்கமானது. 1962 போரைச் சீனர்கள் ‘தற்காப்பு எதிர்த்தாக்குதல்’ என்றே குறிப்பிடுகிறார்கள். வியட்நாம் போருக்கும் அதே பெயர்தான். அவர்களுடைய ராணுவக் கோட்பாட்டில் மாவோ காலத்திலிருந்து நிலைத்திருக்கும் ‘செயலூக்கமுள்ள தற்காப்பு’ என்ற கருத்தின்படி, அரசியல் அளவில் எதிராளி முதலில் வரம்பு மீறிவிட்டதாக முடிவுசெய்துவிட்டால், களத்தில் முதல் அடியைத் தாங்கள் கொடுத்தாலும் அது தற்காப்பே. ஆகவே பெய்ஜிங் தன் கொள்கை தற்காப்புக் கொள்கை என்று சொல்லும்போது, அது பொய் சொல்கிறது என்று எங்கள் பக்கத்தில் கொதிப்பவர்களும், சமாதானம் பேசுகிறது என்று நம்புகிறவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று இரு தரப்பாரும் பார்ப்பதில்லை.

என் தவறு இதைவிடச் சாதாரணமானது. 2020 ஏப்ரல் இறுதியில், திபெத்துக்கும் சிஞ்சியாங்கிற்கும் இடைப்பட்ட பகுதியில் தெரிந்த படை நகர்வுகளைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினேன். நாங்கள் எழுதுவது ஆங்கிலத்தில். அந்த வரியைத் தமிழில் சொன்னால், ‘இவை ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சிக்கான நகர்வுகளே’ என்று, உறுதியைக் காட்டும் தேற்ற ஏகாரம் போட்டுத்தான் சொல்ல வேண்டும். மே 5 அன்று லடாக்கின் பாங்காங் ஏரிக்கரையில் கைகலப்பு நடந்தது. ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தனர். சீனா தன் தரப்பில் 4 பேர் இறந்ததாக ஒப்புக்கொள்ள 2021 பிப்ரவரி வரை ஆயிற்று. பயிற்சிக்கென்று திரட்டிய படைகளையே எல்லைக்குத் திருப்பியிருக்கிறார்கள் என்பது பின்னர் தெரியவந்தபோது, என் குறிப்பில் இருந்த தகவல் எதுவும் பிழையில்லை என்பதும் கூடவே தெரிந்தது. அந்த ஏகாரம் ஒன்றுதான் பிழை. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியான எங்கள் பிரிவுத் தலைவர் அந்தப் பிரதியைத் தேடியெடுத்து, அந்த வரிக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, ஒன்றும் சொல்லாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் அது என் இழுப்பறையில் கிடக்கிறது.

அதற்குப் பின்தான் ‘இருக்கலாம்’ என்பதில் வரும் ‘லாம்’ என்ற ஈற்றின் அருமை எனக்குப் புரிந்தது. ஆங்கிலத்தில் ஐயத்தைச் சுமக்கும் சொற்கள் தனித்தனியாக நிற்பதால், மூன்று பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அவைதான். தமிழில் அது வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெட்ட வேண்டுமானால் வாக்கியத்தையே மாற்றியாக வேண்டும். இப்போதெல்லாம் முக்கியமான முடிவுகளை முதலில் தமிழில் எழுதிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

எண்ணிக்கை என்றால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கலாம். 2021 கோடையில் கான்சு மாகாணத்தின் யூமென் நகருக்கருகே, பாலைவனத்தில் ஏறக்குறைய 120 ஏவுகணைக் கிடங்குக் குழிகள் தோண்டப்படுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் வணிகச் செயற்கைக்கோள் படங்களிலிருந்தே கண்டுபிடித்தார்கள். அந்தப் படங்களை நானும் மணிக்கணக்கில் உருப்பெருக்கிப் பார்த்தேன்: ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 3 கிலோமீட்டர் இடைவெளி விட்டு, கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல் வெண்ணிறக் கூடாரக் கூரைகள். காற்றாலைகள் என்றுகூடச் சிலர் வாதிட்டார்கள். குழிகளை யாரும் எண்ணிவிடலாம். எத்தனை குழிகளில் ஏவுகணை இருக்கும் என்பதை மேலிருந்து பார்த்து எண்ண முடியாது. வரவு செலவும் இப்படித்தான். 2024க்கு சீன அரசு அறிவித்த ராணுவ ஒதுக்கீடு சுமார் 1.67 லட்சம் கோடி யுவான், ஏறக்குறைய 23,000 கோடி டாலர். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனமோ 31,400 கோடி டாலர் என்று மதிப்பிடுகிறது. உள்நாட்டுப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஆயுதக் காவல் படை போன்றவற்றின் செலவை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் இடைவெளியின் ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது.

உழைப்பு வீணாவதும் உண்டு. விண்வெளி, இணையவெளிப் பணிகளுக்காகச் சீன ராணுவத்தில் 2015 இறுதியில் உருவாக்கப்பட்ட வியூக ஆதரவுப் படையைப் பற்றி ஓராண்டு உட்கார்ந்து ஒரு நீண்ட ஆய்வை எழுதி முடித்தேன். 2024 ஏப்ரல் 19 அன்று அந்தப் படையையே கலைத்துவிட்டார்கள்.

அதே படையின் கீழ் இயங்கிய யுவான் வாங் 5 கப்பல் 2022 ஆகஸ்ட் 16 அன்று இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு வந்தபோதுதான், என் வேலைக்கும் என் ஊருக்கும் முதன்முறையாக நேரடித் தொடர்பு ஏற்பட்டது. 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போன துறைமுகம் அது. கொழும்பு முதலில் வருகையைத் தள்ளிவைக்கச் சொல்லி, பிறகு அனுமதி கொடுத்தது. சென்னையிலிருந்து ஒரு செய்தியாளர் அழைத்தார். “சார், உளவுக் கப்பல்தானே? ஒரே வரியில சொல்லிடுங்க, ஸ்லைடு போடணும்” என்றார். செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் தொடர்ந்து கவனிப்பதற்கான கப்பல் அது, அந்தக் கருவிகளை ஆய்வுக்கும் உளவுக்கும் பயன்படுத்தலாம் என்றேன். “அப்ப உளவுக் கப்பல்னே போட்டுக்கறேன் சார்” என்று வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அமைச்சகங்களுக்கு அனுப்பும் ஒரு பக்கச் சுருக்கத்தில் நாங்களும் சில சமயம் இதைத்தான் செய்கிறோம்.

2024 அக்டோபரில் லடாக் எல்லையின் டெப்சாங், டெம்சோக் பகுதிகள் குறித்து உடன்பாடு ஏற்பட்டபோது, எல்லைச் சிக்கல் தீர்ந்ததா என்று கேட்டார்கள். நேருக்கு நேர் நின்ற படைகள் விலகியது ஒன்று; 2020க்குப் பின் பின்னணியில் குவிக்கப்பட்ட படைகள் திரும்பிப் போவது வேறு. முதலாவது நடந்தது என்று எழுதினேன், இரண்டாவதைப் பற்றி ‘லாம்’ போட்டு எழுதினேன். கீழே, எதைப் பார்த்தால் என் கணிப்பு தவறென்று தெரியும் என்பதையும் ஒரு பத்தியாகச் சேர்த்தேன். குடியிருப்புக் கட்டடங்கள் அப்படியே நிற்கும். ஆள் இருக்கிறதா என்பதைக் கட்டடம் சொல்லாது. குளிர்காலப் படங்களில் அந்தக் கட்டடங்களுக்குப் போகும் பாதையில் பனி வாரப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜனவரிப் படங்களுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.