வாழைநாரும் குமார் ராக்கரின் முழங்கையும்

"டீச்சர், இன்றைக்காவது எறியட்டுமா?"

ஐந்து வாரமாக ஒவ்வொரு மாலையும் இதே கேள்விதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. குறுவட்டப் போட்டியில் ஈட்டி எறிதலில் முதலிடம் பெற்று வருவாய் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானவள். வலது முழங்கையின் உட்புறம் வலிக்கிறது என்று அவள் சொன்ன அன்றே ஈட்டியை வாங்கி விளையாட்டுப் பொருள் அறையில் வைத்துப் பூட்டினேன். அவளுக்கு என்மேல் கோபம். அவள் அம்மாவுக்கு அதைவிடக் கோபம். "மாவட்டப் போட்டி வரைக்கும் தைலம் தேய்த்துச் சமாளித்துவிடலாமே டீச்சர்" என்று தக்கலையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கே வந்து கேட்டுப் பார்த்தார். நான் சம்மதிக்கவில்லை.

ஏன் சம்மதிக்கவில்லை என்று அவர்கள் இருவரிடமும் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அதற்கு அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் தோவாளை. அப்பாவுக்கு மலர்ச் சந்தையில் வியாபாரம். அம்மா பூக் கட்டுகிறவர். கல்லூரியில் படித்தபோது நான் ஈட்டி எறிந்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில்தான் பழகினேன். ஆடி மாதத்தில் அந்தக் காற்றை எதிர்த்து எறியும்போது ஈட்டியின் நுனி ஒரு விரல் அளவு கூடுதலாகத் தூக்கிவிட்டாலும் போதும், மேலே எழும்பி, அங்கேயே நின்று, துணி விழுவதைப்போல் விழுந்துவிடும். நுனியைத் தாழ்த்தி எறியக் கற்றுக்கொடுத்தது அந்தக் காற்றுதான். என் சிறந்த தூரம் 41 மீட்டர்.

2008இன் கடைசியில் செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தி. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு இந்தியர்களை ஒப்பந்தம் செய்திருக்கிறது. இருவரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள், லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்தவர்கள். வேகமாகப் பந்து எறிபவர்களைத் தேடி நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் ரிங்கு ஒரு லட்சம் டாலர் வென்றிருந்தார். ஈட்டி எறிந்த கைக்கு இப்படியும் ஒரு வாசல் இருக்கிறதா என்று அன்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்தேன். அடுத்த ஆண்டு ஜூலையில் ரிங்கு புளோரிடாவில் ஓர் ஆட்டத்தை வென்று, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் வெற்றி பெற்ற முதல் இந்தியர் ஆனார்.

அதே 2009இல்தான் என் முழங்கை போனது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, மூன்றாவது எறிதல். ஈட்டி கையைவிட்டுப் போகும் அந்த நொடியில் முழங்கைக்குள் பச்சைக் குச்சி முறிவதுபோல ஒரு சத்தம். வெளியே யாருக்கும் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. காட்டிய இடத்தில் சுளுக்கு என்றார்கள். ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. பட்டைத் துணி சுற்றி, இருபது நாள் ஓய்வு என்றார்கள். இருபத்தோராம் நாள் நான் மைதானத்தில் நின்றேன். மூன்று எறிதலுக்குள் சுண்டுவிரல் வரைக்கும் மரத்துப்போனது. அதோடு முடிந்தது. இன்றும் என் வலது கை முழுதாக நீளாது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க இடது கையைத்தான் தூக்குகிறேன்.

எனக்கு என்ன ஆனது என்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிய வந்தது 2023இல். தெரியவைத்தது குமார் ராக்கர்.

2019 ஜூனில் அந்தப் பெயர் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. குமாரகோவிலைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிறவளுக்கு, அமெரிக்கப் பிட்சர் (பேஸ்பாலில் பந்து எறிபவர்) ஒருவருக்குக் குமார் என்று பெயர் இருந்தால் எப்படி இருக்கும்? தேடிப் படித்தேன். அவர் அம்மா லலிதா, இந்தியாவிலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்களின் மகள். அப்பா டிரேசி ராக்கர், அமெரிக்கக் கால்பந்தில் பெயர் பெற்றவர். பையன் ஆறரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு படிக்கும்போதே டியூக் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துவிட்டுத் தளத்துக்கு ஓடிச் சேரும்படி ஓர் அடிகூட, கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். ஓர் ஆட்டத்தில் எடுக்க வேண்டிய 27 அவுட்டில் 19 ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை ஆட முடியாமலே மட்டையாளர் வெளியேறியவை. அவருக்கு வயதும் 19.

அன்று அவர் எறிந்த பந்துகள் 131. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பேஸ்பாலில் மேஜர் லீக் போகிற வழி நம் பள்ளிப் போட்டிகளைப்போலவே படிப்படியானது. நமக்குக் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மண்டலம், மாநிலம். அவர்களுக்கு ரூக்கி லீக், ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ, அதற்குமேல்தான் மேஜர் லீக். மேஜர் லீக் அணிகள் ஆண்டுதோறும் வரிசையாக ஆள் எடுக்கும் தேர்வில் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்ட பிள்ளைகள்கூட இந்தப் படிகளில் ஆண்டுக்கணக்கில் நிற்பார்கள். பலர் ஏறாமலே திரும்புவார்கள். ரிங்குவும் ஏ வரைக்கும் ஏறினார். 2013, 2014 இரண்டு பருவமும் காயத்தில் போயின. மேலே போக முடியவில்லை.

ராக்கரை 2021 தேர்வில் நியூயார்க் மெட்ஸ் அணி பத்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அறுபது லட்சம் டாலர் என்று பேச்சு முடிந்திருந்த நிலையில், மருத்துவப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒப்பந்தமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பெண் பார்த்து, நிச்சயம் பேசி, முகூர்த்த நாளில் ஒதுங்கிக்கொள்வதைப்போல. உலகமே அந்தத் தோளையும் முழங்கையையும் பற்றிப் பேசியது. அந்தச் செப்டம்பரில் அவருக்குத் தோளில் ஒரு சிறிய அறுவை சிகிச்சை நடந்தது. மறுஆண்டு டிரை சிட்டி வேலிகேட்ஸ் என்ற, மேஜர் லீக் அணிகளோடு தொடர்பில்லாத ஒரு சிறிய அணிக்குப் போய் எறிந்தார். 20 இன்னிங்ஸில் 32 ஸ்ட்ரைக் அவுட். 2022 தேர்வில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. பத்தாவது இடத்தில் வேண்டாம் என்று விட்ட கையை மூன்றாவது இடத்தில் ஒருவர் நம்பி எடுத்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று பள்ளியில் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நான் மட்டும் சந்தோஷமாகத் திரிந்தேன்.

2023இல் ஹிக்கரி என்ற ஊர் அணியில் ஆறு ஆட்டம் ஆடினார். மே மாதம் முழங்கைத் தசைநார் கிழிந்தது. டாமி ஜான் அறுவை சிகிச்சை.

அது என்ன என்று தேடப் போனபோது என் முழங்கையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் உட்புறமாகச் சேர்த்துப் பிடிக்கும் சிறு தசைநார். கையைப் பின்னால் சாய்த்து முன்னே வீசும் ஒவ்வொரு முறையும் முழங்கை வெளிப்பக்கமாகப் பிரியப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவது இந்த நார்தான். ஈட்டி எறிபவர்களுக்கு இது கிழிவதை 1946இலேயே பின்லாந்து மருத்துவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 1946! என் காயத்துக்கு 63 ஆண்டுகள் முன்னால். கிழியும்போது சத்தம் கேட்கும், சுண்டுவிரல் மரத்துப்போகும், எல்லாம் எங்கோ ஒரு புத்தகத்தில் இருந்திருக்கிறது. எனக்குச் சுளுக்கு என்று சொன்னார்கள். அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பிச்சி கட்டிக்கொண்டிருந்தார். காய்ந்த வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் மெல்லிய இழையாகக் கிழித்து, இரண்டு பூவை இந்தப் பக்கம், இரண்டு பூவை அந்தப் பக்கம் வைத்து, நாரைச் சுற்றி ஓர் இழுப்பு. "இந்த நார் நடுவில் அறுந்தால் என்ன செய்வீர்கள் அம்மா?" என்று கேட்டேன்.

"முடிச்சுப் போட்டால் நிற்காது மக்களே. பூவின் கனத்துக்கு மறுபடியும் அங்கேதான் விடும். புது நார் வைத்துத்தான் கட்ட வேண்டும்."

1974 செப்டம்பரில் பிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்ததும் இதைத்தான். கிழிந்த தசைநாரைத் தைக்காமல், எலும்புகளில் துளையிட்டு, மணிக்கட்டிலிருந்து எடுத்த ஒரு நாணை எட்டு வடிவத்தில் கோத்துக் கட்டினார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரைக்கும் எறிந்தார். வாழ்நாளில் அவர் வென்ற 288 ஆட்டங்களில் 164 அந்த அறுவைக்குப் பிறகு வந்தவை.

அந்த நாணை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியில் சேர்த்துவைத்து மணிக்கட்டைச் சற்று உள்ளே மடக்குங்கள். நடுவில் புடைத்து நிற்கும். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது, இல்லாததால் கைக்கு ஒரு குறையும் வராது. அம்மாவின் கையில் வாழைநாரைப்போலவே இழுத்து நின்றது. அம்மா அதைத் தடவிப் பார்த்தார். பிறகு என் முழங்கையைத் தடவினார். ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ராக்கருக்காகக் காத்திருந்தேன். அறுவை முடிந்து சில மாதம் பந்தையே தொடக் கூடாது. பிறகு 45 அடி தூரத்துக்கு மெல்ல எறிய வேண்டும். அடுத்தது 60 அடி, 90 அடி, 120 அடி. ஒவ்வொரு தூரத்திலும் எண்ணி எறிதல், இடையில் ஓய்வு நாள். வலித்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். பிட்சர் நின்று எறியும் 60 அடி 6 அங்குலத்திலிருந்து உலகத்தையே மிரட்டியவர் 45 அடியில் குழந்தைபோல் நின்று எறிவதை நினைத்துப் பார்த்தேன். எனக்குக் கிடைத்தது இருபது நாள். அவருக்குப் பதினான்கு மாதம். 2024 ஜூலையில் அரிசோனாவில் கடைசிப் படியிலிருந்து மறுபடியும் தொடங்கினார். டபுள் ஏ அணியான பிரிஸ்கோ, டிரிபிள் ஏ அணியான ரவுண்ட் ராக் என்று படிப்படியாக மேலே வந்தார்.

செப்டம்பர் 12, சியாட்டிலில் முதல் மேஜர் லீக் ஆட்டம். நமக்கு 13ஆம் தேதி வெள்ளி காலை. அதற்கு மறுநாள் தாண்டித் திருவோணம். எங்கள் சந்தையில் கால் வைக்க இடமில்லை. கேரள வண்டிகள் தேசிய நெடுஞ்சாலை வரைக்கும் நின்றன. கிரேந்தியும் வாடாமல்லியும் மலையாகக் குவிந்திருக்க, அப்பாவுக்குத் தராசைவிட்டு நிமிர நேரமில்லை. நான் ஏழு மணிக்குமேல் பஸ் ஏறினேன். படம் பார்க்கிற அளவுக்கு இணைய வேகம் இல்லை. செயலியில் புள்ளிகள் மட்டும் வந்தன. பச்சை என்றால் பால் (குறி தவறிய பந்து), சிவப்பு என்றால் ஸ்ட்ரைக் (எறிபவருக்குச் சாதகமான பந்து), நீலம் என்றால் மட்டையில் பட்டு ஆட்டத்துக்குள் போனது. வெள்ளமடம் தாண்டும்போது சிவப்பு. ஒழுகினசேரியில் சிவப்பு. வடசேரியில் பஸ் மாறும்போது ஃபோனை மார்போடு பிடித்துக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இன்று முதல் நாள் வேலை" என்றேன்.

குமாரகோவில் விலக்கில் பஸ் நின்றபோது அவர் நான்கு இன்னிங்ஸ் முடித்து இறங்கியிருந்தார். ஒரே ஒரு ரன். ஏழு ஸ்ட்ரைக் அவுட். வேளிமலைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

2025 அவருக்கு எளிதாக இல்லை. தோள் வலி வந்தது, மேலேயும் கீழேயுமாக ஆண்டு போனது. அதற்காக நான் அவரை விடுவதாக இல்லை.

இனி என் மாணவி. நாகர்கோவிலில் எலும்பு மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுக்கும் வரைக்கும் வெளியே வரவில்லை. தசைநார் கிழியவில்லை. இந்த வயதில் நாருக்கு முன்னால் எலும்பின் வளரும் குருத்துத்தான் இழுபடும் என்று விளக்கினார். ஆறு வாரம் எறியக் கூடாது. அமெரிக்காவில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 95 பந்து என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள், 66 பந்துக்குமேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம். நம் மைதானங்களில் யார் எண்ணுகிறோம்? நானே எண்ணவில்லையே. போட்டிக்கு முந்தைய வாரம் அவள் எத்தனை முறை எறிந்தாள் என்று மருத்துவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். ஈட்டி எறியும் ஒன்பது பிள்ளைகளுக்கும் தேதிவாரியாகக் கணக்கு இருக்கிறது.

வருவாய் மாவட்டப் போட்டிக்கு இந்த ஆண்டு அவள் போகவில்லை. அவள் அழுதாள். நானும் அவளுக்குத் தெரியாமல் அழுதேன்.

வருகிற திங்கட்கிழமை ஆறு வாரம் முடிகிறது. ஈட்டி இன்னும் பூட்டில்தான் இருக்கும். முதலில் டென்னிஸ் பந்து, 45 அடி, 25 முறை. நேற்று மாலை நாடாவைப் பிடித்து அளந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டேன். காற்று அதைக் கலைக்கத் தொடங்கியது. அவளாகவே போய் வேலி ஓரத்திலிருந்து இரண்டு கல் எடுத்துவந்து, கோட்டின் இரு முனையிலும் இடது கையால் வைத்தாள்.