ஸ்கார்பரோ நாட்குறிப்பு: பணம் போடவும் எடுக்கவும்

ஜனவரி 9, 2024, செவ்வாய்

கனடாவில் கணக்குத் திறக்க இன்று பாங்குக்குப் போனோம். கும்பகோணத்தில் மகளிர் குழுக் கணக்கைப் பல வருடம் பார்த்தவள் நான். செலான், பாஸ்புக், டிடி, கிளியரிங், செக் பவுன்ஸ் எல்லாம் அத்துபடி. இங்கிலீஷ் வராவிட்டாலும் பாங்க் இங்கிலீஷ் வரும் என்கிற தைரியத்தில், "நானே பேசுகிறேன், நீங்கள் சும்மா இருங்கள்" என்று இவரிடம் சொல்லித்தான் உள்ளே நுழைந்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் "டூ பீசஸ் ஆஃப் ஐடி" என்றார். பீஸ் என்றால் எனக்கு ரவிக்கைத் துணியும் சிக்கனும்தான். நான் விழிப்பதைப் பார்த்து இவர் பாஸ்போர்ட்டையும், நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்குத் தரும் பிஆர் கார்டையும் எடுத்து வைத்தார். அடுத்து, "செக்கிங் ஆர் சேவிங்ஸ்?" சேவிங்ஸ் புரிந்தது. செக்கிங் என்றதும் எதையோ சரிபார்க்க அனுமதி கேட்கிறார் என்று நினைத்து, "யெஸ், பிளீஸ் செக்" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு டைப் அடிக்கத் தொடங்கினார்.

வெளியே வந்தபிறகுதான் இவர் சிரித்தார். அந்தச் செக், செக் புத்தகத்துச் செக். அன்றாட வரவுசெலவுக்கான கணக்குக்கு அதுதான் பேர். வட்டியைப் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. ஊரில் ஒரே சேவிங்ஸ் கணக்கில் சம்பளமும் வரும், சேமிப்பும் கிடக்கும். இங்கே இரண்டும் தனித்தனி.

ஜனவரி 17, புதன்

லிங்க் வகுப்பில் இது இரண்டாவது வாரம். பிஆர் கிடைத்துப் புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கம் இலவசமாக நடத்தும் ஆங்கில வகுப்பு. பக்கத்தில் சிரியாக்காரப் பெண், பின்னால் ஒரு சீனத் தாத்தா.

இன்று பாடம் பாங்க். 'டெபாசிட்' வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார் டீச்சர். எனக்கு முதலில் வாயில் வந்தது, "மை அங்கிள் லாஸ்ட் ஹிஸ் டெபாசிட்." ஐயோ பாவம், எந்த பாங்க் என்று கேட்டார். பாங்க் இல்லை, எலெக்‌ஷன்; செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் கட்டிய பணம் திரும்ப வராது என்று விளக்குவதற்குள் வகுப்பே முடிந்துவிட்டது. பெரியப்பா சுயேச்சையாக நின்ற கதை கனடா வரை வந்து சேரும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

டீச்சர் ஒன்று சொன்னார், யோசித்துக்கொண்டே வந்தேன். நான் எதற்கும் "ஐ வாண்ட்" என்கிறேனாம். "ஐட் லைக் டு" என்று தொடங்கினால் நல்லது என்றார். நாம் "பணம் எடுக்கணுங்க" என்போம். மரியாதையெல்லாம் அந்த 'ங்க'வில் இருக்கிறது. இங்கிலீஷில் அப்படி ஒட்டுவதற்கு வால் கிடையாது. அதனால் மரியாதையை முன்னாலேயே வைத்துவிடுகிறார்கள்.

ஜனவரி 26, வெள்ளி

கவுண்டரில் முதல்முறையாகத் தனியாகப் பணம் எடுத்தேன். "ஐட் லைக் டு வித்ட்ரா டூ ஹண்ட்ரட் டாலர்ஸ்." வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம், பிசிறில்லாமல் வந்தது. அந்தப் பையன் திருப்பி, "ஷுவர், ஹவ் வுட் யூ லைக் இட்?" என்றான். பணத்தை யாருக்குத்தான் பிடிக்காது? "வெரி மச்" என்றேன்.

எந்த நோட்டாக வேண்டும் என்பது கேள்வி. "ட்வென்டீஸ், பிளீஸ்" என்பது பதில். இருபது டாலர் நோட்டுகள் பத்து, எல்லாம் பிளாஸ்டிக், புதுசு என்பதால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு தடவை எண்ணினேன், எதற்கும் இருக்கட்டும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. ஒரு பேக்கரியில், வாரம் மூன்று நாள். சம்பளம் நேராகக் கணக்குக்கு வர 'வாய்ட் செக்' கொண்டுவரச் சொன்னார்கள். வாய்ட் என்றதும் ஒயிட் என்று கேட்டது. வெள்ளைச் செக், அதாவது எதுவும் எழுதாத செக் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எழுதாத செக்கை யாராவது அடுத்தவரிடம் கொடுப்பார்களா?

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அக்காவிடம் கேட்டேன். நாங்கள் இருப்பது அவர் வீட்டு பேஸ்மென்டில். யாழ்ப்பாணத்தில் இருந்து 1980-களில் வந்தவர். "அது செல்லாத காசோலை, பிள்ளை. குறுக்காலை வாய்ட் எண்டு பெரிசா எழுதிக் குடும்" என்றார். அட, நம்மூர் கேன்சல்டு செக்! அதற்குப் போய் இரண்டு நாள் தூக்கம் கெட்டது.

என்னிடம் செக் புத்தகமே இல்லை. பாங்கில் அதற்குப் பதிலாக ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் ஐந்து இலக்கம் கிளைக்கு, மூன்று இலக்கம் பாங்குக்கு, அப்புறம் கணக்கு எண். நம் ஐஎஃப்எஸ்சி பதினோரு எழுத்தில் செய்கிற வேலையைத்தான் முதல் இரண்டும் செய்கின்றன. கிளை எண்ணுக்கு 'டிரான்சிட் நம்பர்' என்று பேர். பஸ் நம்பர் மாதிரி இருக்கிறது.

அக்காவிடம் பேசினால் எனக்கு இன்னொரு கஷ்டம். அவர் வங்கி, காசோலை, வைப்பு என்று சுத்தத் தமிழில் பேசுகிறார். நானோ பாங்க், செக், டெபாசிட். தமிழிலேயே நான் இங்கிலீஷ்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், வினைச்சொல் மட்டும் இல்லாமல். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு 'பண்ணு' போட்டால் போதுமே: டெபாசிட் பண்ணு, வித்ட்ரா பண்ணு, டிரான்ஸ்ஃபர் பண்ணு. இங்கே வந்து அந்தப் 'பண்ணு' பறிபோனதும் நாக்கு நொண்டுகிறது.

பிப்ரவரி 15, வியாழன்

தாளைக் கொடுத்தும் முதல் சம்பளம் செக்காகத்தான் வந்தது. கணக்கில் போட்டேன். "தேர்ஸ் அ ஹோல்ட் ஆன் இட், ஃபோர் பிசினஸ் டேஸ்" என்றார்கள். ஹோல்ட் என்றால் போனில் பாட்டுப் போட்டுக் காக்கவைப்பது. இங்கே பணத்தைக் காக்கவைக்கிறார்கள். நூறு டாலரை மட்டும் உடனே எடுத்துக்கொள்ளலாமாம். மீதியைத் திங்கட்கிழமை எடுக்கலாம் என்று விரல் விட்டு எண்ணி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 19, திங்கள்

பாங்க் பூட்டியிருக்கிறது. ஒன்டாரியோவில் இன்று ஃபேமிலி டே, பிப்ரவரியின் மூன்றாவது திங்கள் விடுமுறை. மைனஸ் குளிரில் பூட்டிய கதவைப் படித்துவிட்டுத் திரும்பினேன். சனி, ஞாயிறு, இன்று, மூன்றும் 'பிசினஸ் டே' இல்லை. வெள்ளி ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று, வியாழன் நான்கு. சரி, 22-ஆம் தேதி.

பிப்ரவரி 22, வியாழன்

வந்துவிட்டது.

வகுப்பில் கிரெடிட் கார்டு பாடம். 'பேலன்ஸ்' என்றால் கணக்கில் நம் பணம். கார்டில் அதே சொல் நாம் தரவேண்டிய கடன். சிரியாக்காரப் பெண் இது அநியாயம் என்று சண்டைக்கே போய்விட்டாள். எனக்கு ஆச்சரியமில்லை. கடைக்காரர் "இந்தாங்க பாக்கி" என்றால் சில்லறை நமக்கு வருகிறது. "பாக்கி இருக்கு" என்றால் நாம் தலையைக் குனிந்துகொள்கிறோம்.

கடன் வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்டு'; இந்த இரண்டிலும்தான் இன்னும் தடுமாற்றம். நமக்குக் கடன் ஒன்றுதான். வாங்கினோமா கொடுத்தோமா என்பது பின்னால் வரும். இவர்களுக்கோ சொல்லே வேறு. "பிளீஸ் பாரோ மீ யுவர் பென்" என்று இன்றும் கேட்டேன். டீச்சர் பேனாவைத் தந்துவிட்டுத் திருத்தினார்.

பிப்ரவரி 29, வியாழன்

கவுண்டரில் முன்னால் நின்ற பாட்டி பேசியதைக் காது கொடுத்துக் கேட்டேன். வித்ட்ரா என்று அவர் சொல்லவே இல்லை. "ஐட் லைக் டு டேக் அவுட் சிக்ஸ்டி" என்றார். அப்புறம் கையிலிருந்த செக்கை நீட்டி "புட் திஸ் இன்" என்றார். எடு, போடு. ஆத்தா பாங்குக்குப் போனால் என்ன சொல்லுமோ அதேதான்! நான் மனப்பாடம் செய்ததெல்லாம் ஃபாரத்தில் எழுதுகிற இங்கிலீஷ் போலிருக்கிறது.

என் முறை வந்தது. இன்று சம்பளம் நேராக வரவேண்டிய நாள். "டிட் மை பே கோ இன்?" என்றேன். அந்தப் பையன் திரையைப் பார்த்து, "யெப், வெண்ட் இன் திஸ் மார்னிங்" என்றான். காதில் எனக்கு 'ஏறிடுச்சு' என்றே விழுந்தது. "எனிதிங் எல்ஸ்?" என்றான். "நோ, ஐ'ம் குட்" என்றேன். பஸ்ஸில் ஒத்திகை பார்க்காத பதில்.

வாசலில் அக்கா பனி தள்ளிக்கொண்டிருந்தார். "வங்கிக்கோ போட்டு வாறீர்? காசு வந்திட்டுதோ?"

"ஏறிடுச்சு அக்கா."

"எங்கை ஏறினது?" என்றார் அவர்.