ஏப்ரல், பெர்த்

ஏப்ரல் 12
ஆஸ்பத்திரியில் கிடக்கும் அண்ணனைப் பற்றி டாக்டர்கள் சொல்வது இன்றும் 'பார்க்கலாம்' தான்.

ஏப்ரல் 13
தூக்கம் இல்லை. முதல் உலகப் போரில் சண்டையிட்ட ஆஸ்திரேலிய வீரர் ஹ்யூகோ த்ரோசலின் கதையில், ஹில் 60 என்ற குன்றுச் சண்டைப் பகுதியையே திரும்பப் படித்தேன். 1915 ஆகஸ்ட் கடைசி, துருக்கியின் கலிப்போலி. ஒரே பதுங்குகுழி, நடுவே மணல்மூட்டைத் தடுப்பு, அந்தப் பக்கம் துருக்கியர். இரு தரப்பும் வீசிய கைக்குண்டுகள் 3,000-க்கு மேல். வந்து விழுந்ததைத் திரி எரிந்து முடிவதற்குள் எடுத்துத் திருப்பி எறிய வேண்டும். கூட இருந்த வீரர் சிட் ஃபெரியருக்கு ஒன்று கையிலேயே வெடித்தது. கை போயிற்று, அப்புறம் உயிரும். ஹ்யூகோ வெளியே வந்தபோது சிகரெட் பற்றவைக்கக்கூடக் கை எழவில்லை. தோளில் இருந்த 'ஆஸ்திரேலியா' பேட்ஜ் நெளிந்து சதைக்குள் ஏறியிருந்ததாம். அதை யாரோ பிடுங்கி எடுத்தார்கள்.

இதற்குத்தான் ஹ்யூகோவுக்கு விக்டோரியா கிராஸ், வீரத்துக்கான மிக உயர்ந்த பதக்கம். சரி.

ஏப்ரல் 14
அண்ணனுக்குக் காய்ச்சல் 39. அண்ணி யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 16
வேலைக்கு லீவு சொல்லிவிட்டு கிரீன்மவுண்ட் வரை ஓட்டிப்போனேன். ஹ்யூகோவும் அவர் மனைவி, நாவலாசிரியை கேதரின் சூசன்னா பிரிச்சர்டும் வாழ்ந்த வீடு இப்போது எழுத்தாளர் மையம். ஹ்யூகோவின் நினைவுச்சின்னம் சாலையோரத்தில். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. என்னைத் தவிர நிற்க ஆளில்லை. 1919-இல் சொந்த ஊர் நார்தமில், வெற்றிக் கொண்டாட்ட மேடையிலேயே, போர் என்னைச் சோஷலிஸ்ட் ஆக்கிவிட்டது என்றாரே, ஊருக்கு அந்தக் கோபமா இன்னும்?

ஏப்ரல் 17
அந்த விசில்.

ஏப்ரல் 19
1917-இல் இதே தேதி. காஸா, இரண்டாம் சண்டை. ஹ்யூகோவின் அண்ணன் ரிக்கைக் காணவில்லை. இருட்டியதும் ஹ்யூகோ தவழ்ந்து தவழ்ந்து தேடினார், பிணங்களுக்கும் முனகுகிறவர்களுக்கும் நடுவே, எதிரி சுட்டுக்கொண்டிருக்க. சின்ன வயதில் இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடுகிற அதே விசிலை அடித்துக்கொண்டே. பதில் வரவில்லை. அந்த டிசம்பரில் ஜெருசலேம் விழுந்தபோது மரியாதை அணிக்குத் தலைமை தாங்க வைத்தார்கள். எப்படி நின்றாரோ. பிறகு பிறந்த ஒரே பிள்ளைக்கு ரிக் என்று பெயர்.

எங்கள் வீட்டில் ராத்திரி விசில் அடித்தால் பாம்பு வரும் என்று பாட்டி திட்டுவாள். என் அண்ணன் கேட்க மாட்டான். இரண்டு விரலை மடித்து வாயில் வைத்தால் தெருக்கோடிவரை கேட்கும். எனக்கு இன்றுவரை காற்றுதான் வருகிறது.

ஏப்ரல் 20
அண்ணனுக்குப் போட்டிருந்த குழாயை எடுத்தார்கள். மாலையில் மறுபடி போட்டார்கள்.

ஏப்ரல் 22
1933 நவம்பர். ஹ்யூகோவுக்குக் கடன், விவசாயச் சரிவு. உயிலில், 1914-18 அனுபவங்களிலிருந்து நான் மீளவே இல்லை என்று எழுதிவைத்துவிட்டுத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். இதை ஏன் இன்று படித்தேன்? படித்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 24
நாளை அன்சாக் நாள், போரில் இறந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை நினைவுகூரும் நாள். விடியற்காலை அஞ்சலிக்குக் கிங்ஸ் பார்க் போகலாம் என்றிருந்தேன். இப்போதுதான் போன் வந்தது, மருந்தை மாற்றுகிறார்களாம். அண்ணிக்குச் சட்டென்று ஏதாவது கட்டிக்கொண்டு