பின் இருக்கையில் 35 நிமிடம்

முதலில் என் தொடையைத்தான் அளந்தார்கள். சுவரோடு முதுகை ஒட்டி உட்கார வைத்து, இடுப்பிலிருந்து முழங்கால் முட்டிவரை எவ்வளவு, உட்கார்ந்த நிலையில் உச்சந்தலைவரை எவ்வளவு, எடை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் தாளில் ஏறியது. எதற்கு என்று கேட்டேன். அவசரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டால் முட்டி முன்பக்கப் பலகையில் இடிக்கக் கூடாது, அதற்காகத்தான் என்றார் மருத்துவர். அதன் பிறகு வேறு எதையும் கேட்காமல் சொன்னபடி உட்கார்ந்தேன்.

இடம், கர்நாடகத்தின் வடகோடியில் உள்ள பீதர் விமானப்படைத் தளம். இந்திய விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழுவுக்கு வீடு இதுதான். 1996இல் இங்கேதான் அந்தக் குழு பிறந்தது. முதலில் கிரண் மார்க்-2 விமானங்களில் பறந்தார்கள். 2011இல் குழு நிறுத்தப்பட்டு, 2015இல் ஹாக் விமானங்களோடு மறுபடி எழுந்தது. முழு அணியாக ஒன்பது விமானங்கள் பறக்கும்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினா மணலில் என் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது போல விமானங்கள் மொத்தமாகச் சாய்ந்தபோது, "கயிறு கட்டியிருக்காங்களாப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை விட முடியாமல்தான், ஒருமுறை அவர்களோடு பறக்க அனுமதி கேட்டு இதழின் சார்பில் கடிதம் எழுதினேன். பிறகு ஏழு மாதம் கடிதங்களும் படிவங்களும் நினைவூட்டல்களுமாக ஓடின. அதை விவரித்து உங்கள் நேரத்தை எடுக்க வேண்டாம். கிடைத்தது, அவ்வளவுதான்.

மருத்துவப் பரிசோதனையில் நான் எதிர்பாராத ஒன்று காது. மூக்கைப் பொத்தி, வாயை மூடிக்கொண்டு ஊதச் சொல்லி, செவிப்பறை அசைகிறதா என்று கருவியை வைத்துப் பார்த்தார்கள். சாதாரணச் சளி இருந்தாலும் பறக்க விடமாட்டார்கள். உயரம் சட்டென்று மாறும்போது அடைத்த காது கிழியும் அளவுக்கு வலிக்குமாம். இப்படிப் போகும் வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால், அதற்கு முந்தைய வாரம் சளி பிடித்தவர்கள் பக்கமே போகாதீர்கள். ஜலதோஷத்தால் வாய்ப்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து ஒரு பத்திரம். உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று தெரிந்தே பறக்கிறேன் என்று கையெழுத்து. பேனாவைப் பிடித்தபடி 2019 பிப்ரவரி 19ஐ நினைத்தேன். பெங்களூரு எலகங்காவில், ஏரோ இந்தியா கண்காட்சிக்கு முந்தைய பயிற்சியில், இதே குழுவின் இரண்டு ஹாக் விமானங்கள் வானில் மோதின. விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். மற்ற இருவர் வெளியேறித் தப்பினார்கள். ஒன்பது பேர் ஒரே கோட்டில் போவதை நாம் கைதட்டி ரசிக்கிறோம். அதற்கான விலை என்னவென்று அந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

என்னை ஏற்றிக்கொண்டு போகவிருந்த விமானி ஸ்குவாட்ரன் லீடர். ஹரியானாக்காரர். சூர்யகிரணில் சேர ஒருவர் தகுதிபெற்ற பறத்தல் பயிற்றுநராக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சிப் பள்ளி நம் தாம்பரத்தில் இருக்கிறது. அங்கே தங்கிப் படித்ததில் இவருக்கு நாலைந்து தமிழ்ச் சொல் ஒட்டியிருந்தது. "சரி, போதும், பரவாயில்ல, இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று வரிசையாகச் சொல்லிச் சிரித்தார். மற்றபடி பேச்செல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.

"சார், ரெண்டு விஷயம் மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க. ஒன்று மூச்சு, ரெண்டு தலை. மூச்சை நான் சொல்றதுக்கு முன்னாலேயே பிடிக்கணும். தலையை நான் சொல்ற வரைக்கும் திருப்பக் கூடாது."

மூச்சு விஷயம் இதுதான். விமானம் வேகமாக வளையும்போது நம் எடை பல மடங்காகிறது. அந்த மடங்கைத்தான் ஜி என்கிறார்கள். ஐந்து ஜி என்றால் 68 கிலோ இருக்கும் நான் 340 கிலோ. தசையும் எலும்பும் தாங்கிவிடும். இரத்தம்தான் தாங்காது, காலை நோக்கி இறங்கிவிடும். இதயத்துக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு அடிதான் என்றாலும், ஒவ்வொரு ஜிக்கும் கண்ணருகே சுமார் 22 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் குறைகிறது. கண்ணுக்குள்ளேயே ஓர் அழுத்தம் இருப்பதால் மூளைக்கு முன்னால் கண்தான் பட்டினி கிடக்கும். முதலில் நிறம் வெளுக்கும், அப்புறம் ஓரங்கள் இருளும், அப்புறம் முழு இருட்டு, அதற்குப் பிறகு நினைவு போகும். ஜி-சூட் என்பது வயிற்றையும் காலையும் காற்றுப் பைகளால் இறுக்கும் ஒரு கால்சட்டை. அது தருவது ஒன்று, ஒன்றரை ஜி அளவுக்கான பாதுகாப்பு மட்டுமே. மீதிக்கு உடம்புதான் உழைக்க வேண்டும்.

கிணற்றில் நிறைகுடத்தை இழுக்கும்போது வாயை மூடி அடிவயிற்றில் முக்குவோமே, கிட்டத்தட்ட அதுதான் முறை. கெண்டைக்கால், தொடை, பின்பக்கம், வயிறு எல்லாவற்றையும் இறுக்கி, மூச்சை நிறைத்துத் தொண்டையில் பூட்ட வேண்டும். மூன்று நொடிக்கு ஒருமுறை சட்டென்று விட்டு, சட்டென்று வாங்கிப் பூட்ட வேண்டும். ஒரு நாற்காலியில் உட்காரவைத்து அரை மணி நேரம் பழக்கினார்கள். நெற்றியில் வியர்வை வந்தபிறகுதான் விட்டார்கள்.

மறுநாள் காலை இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். வெறும் வயிற்றோடு போனால் குமட்டாது என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். குழுவின் மருத்துவர் அதை மறுத்தார். வெறும் வயிறுதான் அதிகம் புரட்டும், எண்ணெய் இல்லாமல் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்றார். அவர் சொன்னதே சரியாக இருந்தது.

விமானத்தை நோக்கி நடந்தபோதுதான் அது எவ்வளவு சிறியது என்று உறைத்தது. இறக்கை நுனிக்கு நுனி பத்து மீட்டர்கூட இல்லை. சிவப்பும் வெள்ளையுமாகத் துடைத்து மின்னியது. ஏணியில் ஏறுமுன் என் பைகளை எல்லாம் காலி செய்தார்கள். சில்லறை, சாவி, பேனா எதுவும் கூடாது. தலைகீழாகப் பறக்கும்போது ஒரு பேனா நழுவி, விமானத்தை இயக்கும் பிடியான ஸ்டிக்கின் அடியில் சிக்கினால் போதும், விமானம் திரும்பாது. குறிப்பெழுதத் தொடையில் கட்டிக்கொள்ளும் சிறு பலகையோடு ஒரு பென்சிலை நூலால் பிணைத்துக் கொடுத்தார்கள்.

வார்களை மாட்டிவிட வந்த தொழில்நுட்ப வீரர் அதுவரை "சார், சார்" என்று இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். என் தொடைப் பலகையில் இருந்த தமிழ் எழுத்தைப் பார்த்ததும் கை நின்றது. "அண்ணே, நம்மூரா?" அவர் விருதுநகர்ப் பக்கம். அதன் பிறகு எல்லாம் தமிழில் நடந்தது. "மூச்ச விடுங்கண்ணே, இடுப்பு பெல்ட்ட இறுக்கணும். வலிக்குற மாதிரி இருந்தாத்தான் சரி. தலைகீழா போறப்ப தொங்கக் கூடாது பாருங்க." கணுக்காலுக்கு மேல் கால் பட்டைகளைப் பூட்டினார். இருக்கை வெளியே பாயும்போது காலை இழுத்துப் பிடித்துக்கொள்வது அவைதான். என் தொடைகளுக்கு நடுவே, இருக்கையை வெளியே பாயவைக்கும், மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட கைப்பிடி. அதன் ஊசியை எடுத்து எனக்குக் காட்டிவிட்டு, "இனிமே இது உசுரோட இருக்கு. தேவைப்பட்டாலொழிய கை வெக்காதீங்கண்ணே" என்றார். தலைக்கு மேல் கண்ணாடிக் கூரையில் நெளிநெளியாக ஒரு கோடு ஒட்டியிருந்தது. அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அது வெடிமருந்து இழை. இருக்கை கிளம்பும் நொடியில் கண்ணாடியை உடைத்து வழிவிடும். கூரையைப் பக்கவாட்டில் சாய்த்து மூடுமுன் என் ஹெல்மெட்டில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்றைய பயிற்சி நான்கு விமானங்களுக்கு. தலைவர் நடுவில், நாங்கள் அவருக்கு வலப்பக்கம், இன்னொருவர் இடப்பக்கம், நான்காமவர் தலைவருக்கு நேர் பின்னால், சற்றுக் கீழே. ஏன் கீழே என்றால், அதே உயரத்தில் பின்னால் போனால் முன்விமானத்தின் சூடான புகைக்காற்று வாலைப் போட்டு உலுக்கும்.

ஓடுதளத்தை விட்டு எழுந்தவுடன் பீதரின் செம்மண் விரிந்தது. கோட்டைச் சுவர் அதே நிறத்தில், மண்ணே எழுந்து நின்றது போல இருந்தது. அதை ரசித்து முடிப்பதற்குள் வலப்பக்கமாக நெருங்கினோம். நெருங்கினோம், இன்னும் நெருங்கினோம். தலைவரின் விமானத்தில் ஒட்டியிருந்த ஆணித் தலைகளை எண்ணும் தூரம். எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஐந்து மீட்டர் இருக்கலாம். வேகம் மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டி.

அப்போதுதான் கீழே குனியாமல், கண்ணை மட்டும் தாழ்த்தி என் முழங்கால்களுக்கு நடுவே இருந்த ஸ்டிக்கைப் பார்த்தேன். ஹாக் பயிற்சி விமானம். முன்னால் இருப்பவர் அசைப்பது பின்னால் இருக்கும் ஸ்டிக்கிலும் அப்படியே தெரியும். அது ஒரு நொடிகூடச் சும்மா இருக்கவில்லை. முறத்தில் அரிசி புடைக்கும் பாட்டியின் மணிக்கட்டு போல, ஒரு விரற்கடை அந்தப் பக்கம், அரை விரற்கடை இந்தப் பக்கம், முன்னே, பின்னே, ஓயாமல். இடப்பக்கம் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் பிடியும் அதே போலத் துடித்துக்கொண்டே இருந்தது. வெளியே நிமிர்ந்து பார்த்தால் தலைவரின் விமானம் ஓவியத்தில் வரைந்தது போல அசையாமல் நிற்கிறது. மெரினாவில் நான் பார்த்த அந்த அசையாமை இங்கே இரண்டு கைகளில் நொடிக்கு நொடி தயாராகிக்கொண்டிருந்தது.

முன்னால் அவர் தலை இடப்பக்கம் திரும்பியபடியே இருந்தது. தரையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை, தன் கருவிகளைக்கூட அநேகமாகப் பார்க்கவில்லை. தலைவரின் விமானத்தில் இரண்டு புள்ளிகளை ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு, அந்தக் கோடு கலைந்தால் சரிசெய்வது மட்டுமே வேலை. உயரம், தரை, எல்லாம் தலைவரின் பொறுப்பு. அவர் தப்பு செய்தால் நால்வரும் சேர்ந்தே தப்பு செய்வார்கள். இவ்வளவு முழுசாக ஒருவரை இன்னொருவர் நம்புவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தலைவரின் குரல் ஒலித்தது. காலையில் பறப்பதற்கு முன் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு முழுப் பயிற்சியையும் வாயாலேயே நடத்தினார்களே, அதே ராகம், அதே இழுப்பு. அவர் சொல்லை எவ்வளவு நீட்டுகிறாரோ அவ்வளவு மெதுவாக விமானத்தை இழுக்கப் போகிறார் என்று மற்றவர்களுக்குத் தெரியும். பாட்டு வாத்தியார் தாளம் போடுவது மாதிரிதான். அந்தச் சொல் முடிவதற்குள் நான் வயிற்றை இறுக்கி மூச்சைப் பூட்டினேன்.

லூப், அதாவது வானில் செங்குத்தாக ஒரு முழு வட்டம். நாலு ஜி. கன்னம் கீழே இழுத்தது, முகமூடி மூக்கை அழுத்தியது, தொடைமேல் வைத்திருந்த கையைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஜி-சூட் காலைக் கவ்வியது. செம்மண் மறைந்து வானம் மட்டும் தெரிந்தது. அப்புறம் எல்லா எடையும் கழன்றது. உச்சியில் இருந்தோம். தலையை மெல்ல உயர்த்தினேன். மேலே, கூரையின் அந்த நெளி கோட்டுக்கு அப்பால், பீதர் கோட்டை தலைகீழாகத் தொங்கியது. பக்கத்தில் தலைவரின் விமானம் அதே ஐந்து மீட்டரில், அதே இடத்தில். எனக்குக் கண்ணீர் வந்தது. பயமில்லை, வேறு எதுவோ.

இரண்டாவது லூப்பும் முடிந்து அணி பிரிந்த பிறகு, எனக்காக ஐந்து ஜி திருப்பம் ஒன்று போட்டார். கோட்டையின் சிவப்பு மெல்லச் சாம்பலானது. ஓரங்கள் இருண்டு, குழாய்க்குள் பார்ப்பது போல நடுவில் ஒரு வட்டம் மிச்சம். இன்னும் முக்கினேன், வட்டம் விரிந்தது. அந்த நேரத்தில் ஒரு தவறும் செய்தேன். எத்தனை ஜி என்று குறித்துவைக்கத் தலையைக் குனிந்தேன். காதுக்குள் யாரோ குடத்தைச் சுழற்றியது போல உலகமே உருண்டது. வாயெல்லாம் உமிழ்நீர்.

இன்டர்காமில் குரல் வந்தது. தமிழில். "போதுமா சார்?"

"போதும்."

உடனே விமானம் நேரானது. குளிர்காற்றுத் துளையை முகத்துக்கு நேராகத் திருப்பச் சொன்னார், தொடுவானத்தை மட்டும் பார்க்கச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் வயிறு அடங்கியது. வாந்திப் பையைத் திறக்கத் தேவைப்படவில்லை.

இறங்கியபின் என் பென்சில் குறிப்பைப் பார்த்தேன். "ஸ்டிக்" என்று ஒரு சொல், அதற்குக் கீழே சரிந்து ஓடும் ஒரு கோடு. அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

விருதுநகர்த் தம்பி ஏணியில் கைகொடுத்து இறக்கினார். நேராக ஓய்வறைக்குப் போவார்கள் என்று நினைத்தேன். வியர்வை காயாத உடையோடு நால்வரும் ஓர் இருட்டறைக்குள் போனார்கள். தரையிலிருந்து எடுத்த வீடியோ ஓடியது. என் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என் விமானி படத்தை நிறுத்தச் சொன்னார். "இரண்டாவது லூப், இறங்கும்போது, நான் வெளியே விலகினேன்." நானும் அந்த விமானத்தில்தான் இருந்தேன், எனக்குத் தெரியவே இல்லை. யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை, யாரும் குறை சொல்லவும் இல்லை. "எவ்வளவு?" என்றார் தலைவர். "அரை மீட்டர்." தலைவர் குறித்துக்கொண்டு படத்தை மீண்டும் ஓடவிட்டார்.

திரையில் நான்கு விமானங்களும் மறுபடி மேலேறின. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் வலது கை முழங்கால்மேல் இருந்தது. கட்டைவிரலும் இரண்டு விரல்களும், எதையோ பிடித்திருப்பது போல, ஒரு விரற்கடை இந்தப் பக்கம், அரை விரற்கடை அந்தப் பக்கம் அசைந்துகொண்டே இருந்தன.