"பயணிக்குத் தெரிவிக்கப்பட்டது": வீட்டிலிருந்து பணிபுரிவோரின் முறைகேடுகள் குறித்து

பயண முன்பதிவு நிறுவனங்களில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் ஒழுங்கீனம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஆள் இருக்கையில் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்விதான் மேலாளர்களின் மனத்தில் முதலில் எழுகிறது. மவுஸைத் தானாக அசைக்கும் கருவி, பணி நேரத்தில் உறக்கம், ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களில் சம்பளம் என்று பேச்சு அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். தரக் கண்காணிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து, முறைகேடு விசாரணைகளுக்கான ஆவணங்களைத் தொகுத்துக் கொடுத்துவரும் எனக்கு அந்தப் பேச்சு பாதிதான் என்று படுகிறது. பயணிக்கு உண்மையிலேயே கேடு விளைவித்தவர்களில் பெரும்பாலோர் இருக்கையை விட்டு நகராதவர்கள். அவர்கள் பெயருக்கு எதிரே இருந்த பச்சைக் குறி, பணி நேரம் முழுவதும் மாறவே இல்லை.

காகித டிக்கெட் இருந்த காலத்தில் முறைகேடு செய்வதற்குக்கூட அலுவலகத்துக்கு வர வேண்டியிருந்தது. வெற்று டிக்கெட் கட்டுகள் பெட்டகத்தில் பூட்டப்பட்டிருக்கும். வரிசை எண் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 2008 ஜூன் 1 முதல், ஏஜென்சிகளுக்கும் விமான நிறுவனங்களுக்கும் இடையிலான தன் கணக்குத் தீர்வு முறையில் முழுமையாக மின் டிக்கெட்டுக்கு மாறியபின், டிக்கெட் என்பது விமான நிறுவனத்தின் கணினியில் இருக்கும் ஒரு 13 இலக்க எண்ணாகிவிட்டது. அமேடியஸ், சேபர் போன்ற முன்பதிவு அமைப்புகளும் இணையம் வழியாகவே திறக்கும்படி ஆயின. 2020இல் பெருந்தொற்று வந்தபோது ஏஜென்டுகளை அவ்வளவு விரைவாக வீட்டுக்கு அனுப்ப முடிந்ததென்றால், அதற்கு இவை இரண்டும்தான் காரணம். பக்கத்து நாற்காலியின் கண்ணும் காதும் அவர்களுடன் வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் பிஎன்ஆரின், அதாவது ஒரு பயணத்தின் முன்பதிவுப் பதிவின், வரலாறு எங்கிருந்து வேலை செய்தாலும் கூடவே இருக்கிறது. அமேடியஸில் ஆர்எச் என்று தட்டினால், எந்த அலுவலகக் குறியீட்டிலிருந்து, எந்த ஏஜென்டின் அடையாளத்தில், எந்த நிமிடத்தில் எது சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரு மாற்றத்தைச் சேமிப்பதற்கு முன் ஆர்எஃப் என்ற புலத்தை நிரப்ப வேண்டும். யார் சொல்லி இந்த மாற்றம் செய்யப்படுகிறது என்று எழுதுவதற்கான இடம் அது. பயணி சொன்னார் என்ற பொருளில் 'பாக்ஸ்' என்று அடித்துவிட்டு ஏஜென்டுகள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தச் சொல் உண்மையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. புகார் வந்தால் தவிர.

இத்தனை ஆண்டுகளில் நான் அதிகம் பார்த்ததும், பார்த்து அதிகம் வருந்தியதும் திருட்டை அல்ல, பொய்க் குறிப்பைத்தான். விமான நிறுவனம் ஒரு விமானத்தின் நேரத்தை மாற்றும்போது, பழைய நேரம் யுஎன் என்ற குறியோடும் புதிய நேரம் டிகே என்ற குறியோடும் அந்த பிஎன்ஆர் ஏஜென்சியின் க்யூவில், அதாவது கவனிக்க வேண்டிய பதிவுகளின் வரிசையில், வந்து விழும். ஏஜென்ட் பயணியை அழைத்துப் புதிய நேரம் ஒத்துவருமா என்று கேட்க வேண்டும். இணைப்பு விமானத்துக்குப் போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சம்மதம் கிடைத்தால் டிகேயை, உறுதியானது என்று பொருள்படும் எச்கே ஆக்கி, தேவைப்பட்டால் டிக்கெட்டை மறுவெளியீடு செய்ய வேண்டும். ஒழுங்காகச் செய்தால் கால் மணி நேரமாவது பிடிக்கும் வேலை இது. பயணி போனை எடுக்காவிட்டால் மறுபடியும் மறுபடியும் முயல வேண்டியிருக்கும். யாரையும் கேட்காமல் குறியை மட்டும் மாற்றி, 'பயணிக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதிவிட்டாலோ, அரை நிமிடத்தில் அந்த பிஎன்ஆர் க்யூவிலிருந்து மறைந்துவிடும்.

அப்படி மறைந்த ஒரு பிஎன்ஆர் வயது முதிர்ந்த தம்பதி ஒருவருடையது. முதல் விமானம் இரண்டு மணி நேரம் தள்ளிப் போயிருந்தது; அடுத்த விமானத்தைப் பிடிக்க வழியே இல்லை. சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்த அவர்கள் இடைவழி விமான நிலையத்தில் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. அவர்களுடைய மகன் புகார் செய்தபோது, எங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு குறிப்பைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்கிறோம் என்று பதில் எழுதியது. விமானத்தைத் தவறவிட்டதைவிட, தாங்களே பொய் சொல்வதுபோல நிறுவனம் மறைமுகமாக உணர்த்தியதுதான் அந்தக் குடும்பத்தை அதிகம் காயப்படுத்தியது. அவர்கள் கோபம் நியாயமானது. பிஎன்ஆரின் வரலாற்றையும் தொலைபேசிப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அந்த நாளிலோ அதற்கு அடுத்த நாட்களிலோ அந்த எண்ணுக்கு ஓர் அழைப்புகூடப் போயிருக்கவில்லை. அதே ஏஜென்ட் அடையாளத்தில் அந்த ஷிஃப்டில் முடிக்கப்பட்ட மற்ற பிஎன்ஆர்களையும் எடுத்தோம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை. எல்லாவற்றிலும் அதே வரி, அதே எழுத்துப் பிழையோடு.

விசாரணையில் அந்த இளைஞர் எதையும் மறுக்கவில்லை. "க்யூவில் எத்தனை முடித்தீர்கள் என்றுதான் தினமும் கேட்டீர்கள், சார். எத்தனை பேரிடம் பேசினீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை" என்றார். அது அவர் செய்ததை நியாயப்படுத்தாது. பேசாத ஒருவரிடம் பேசியதாக எழுதுவதற்கு எந்த டார்கெட்டும் சமாதானம் ஆகாது. ஆனாலும் அவர் சொன்னது பொய்யில்லை. அவர் வேலையை இழந்தார். டார்கெட் அப்படியே இருந்தது. மாதிரித் தணிக்கையில் அதே வரி வேறு அடையாளங்களின் கீழ் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சிலர் சொன்னார்கள். அங்கேயும் நடந்ததுதான். பக்கத்தில் இருப்பவர் ஒரு நாள் முழுவதும் போனையே எடுக்காமல் க்யூவைக் காலி செய்தால் அடுத்தவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் அங்கே குறைவாக நடந்தது. வீட்டில் அந்தக் கூச்சத்துக்கு வழியில்லை.

பணம் கையாடும் முறைகேடுகள் எண்ணிக்கையில் குறைவு. கண்டுபிடிப்பதும் ஓரளவு எளிது. டிக்கெட் வெளியிட்ட அதே நாளுக்குள் அதை வாய்டு செய்துவிட்டால், அதாவது செல்லாததாக்கிவிட்டால், அது கணக்குத் தீர்வில் விற்பனையாக நிற்காது. தள்ளுபடி தருகிறேன் என்று பயணியிடம் தன் சொந்தக் கணக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு, டிக்கெட்டின் நகலை அனுப்பிவிட்டு, இரவில் அதை வாய்டு செய்தவர்கள் உண்டு. பயணியின் கையில் 13 இலக்க எண் இருக்கும். அதற்குப் பின்னால் டிக்கெட் இருக்காது. பெருந்தொற்றுக் கால ரத்துகளுக்காகக் கொடுக்கப்பட்ட வவுச்சர்களில், உரியவர் கேட்டு வராதவற்றைத் தேடிப் பிடித்து மற்றவர்களுக்கு விற்றதும் நடந்தது. கட்டணம் செலுத்தாமலே இருக்கையைப் பிடித்துவைப்பதற்காக ஒரே பயணத்தைத் திரும்பத் திரும்ப ரத்து செய்து பதிவு செய்பவர்களும் உண்டு. இதற்காக விமான நிறுவனம் அனுப்பும் ஏடிஎம் (ADM, Agency Debit Memo) எனப்படும் அபராதக் குறிப்பு பல வாரங்கள் கழித்துத்தான் ஏஜென்சிக்கு வந்து சேரும் என்பதால், அதற்குள் அந்த ஏஜென்ட் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். இவை எல்லாவற்றுக்கும் தினசரி வாய்டு அறிக்கையையும் ரத்து அறிக்கையையும் மறுநாள் காலையே ஒருவர் உட்கார்ந்து படிப்பதைத் தவிரப் பெரிய மருந்து எதுவும் தேவையில்லை. பல இடங்களில் அந்த ஒருவரை நியமிப்பதில்லை; அதற்கான செலவில் திரையைப் படமெடுக்கும் மென்பொருளை வாங்கிவிடுகிறார்கள்.

கார்டு விவரங்கள் விஷயத்தில் நிலைமை சற்று வேறு. அலுவலகத்தில் ஏஜென்டின் மேசையில் காகிதமோ பேனாவோ கைபேசியோ இருக்கக் கூடாது என்று கண்டிப்பான விதி இருந்தது. வீட்டில் அந்த விதியை மேற்பார்வை செய்ய முயன்றால், ஒருவருடைய படுக்கையறைக்குள் கேமராவை வைக்க வேண்டியதாகிவிடும். அதை நான் ஏற்பதில்லை. கட்டண அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரநிலையான பிசிஐ டிஎஸ்எஸ், அட்டையின் பின்னால் இருக்கும் மூன்று இலக்கப் பாதுகாப்பு எண்ணைப் பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்தபின் எந்த வடிவத்திலும் சேமிக்கக் கூடாது என்கிறது. பயணி தன் எண்ணைத் தொலைபேசிப் பொத்தான்களிலேயே அழுத்தி, அந்த ஒலி ஏஜென்டின் காதுக்கு எட்டாதபடி மறைக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. பணம் செலுத்தும் இணைப்பைப் பயணிக்கே அனுப்புவது அதைவிட எளிது. ஏஜென்டுக்கே தெரியாத எண்ணை ஏஜென்ட் எழுதிவைக்க முடியாது. இதைச் செய்யாமல், நேர்மையாக இருங்கள் என்று மாதந்தோறும் மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனம் தன் பொறுப்பைப் பணியாளரின் தலையில் கட்டுகிறது என்றே சொல்வேன்.

லாகினைப் பகிர்ந்துகொள்ளும் வழக்குகளில் முடிவெடுப்பது கடினமாகவே இருந்திருக்கிறது. உடல்நலம் குன்றியிருந்த ஒருவருக்குப் பதிலாக, முன்பு இதே துறையில் வேலை பார்த்த அவருடைய தங்கை சில வாரங்கள் அழைப்புகளை எடுத்துவந்தார். குரலைக் கேட்ட தரக் கண்காணிப்பாளர் ஒருவர் சந்தேகப்பட்டதால்தான் அது தெரியவந்தது. அந்தத் தங்கை அழைப்புகளை நன்றாகவே கையாண்டிருந்தார்; ஒரு பயணிகூடப் புகார் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தமோ பின்னணிச் சரிபார்ப்போ இல்லாத ஒருவர், முகம் தெரியாத பலருடைய கடவுச்சீட்டு எண்ணையும் பிறந்த தேதியையும் வீடு பூட்டியிருக்கப்போகும் நாட்களையும் பார்த்திருக்கிறார். அதைக் குற்றமில்லை என்று சொல்ல எங்களால் முடியவில்லை. விடுப்பு கேட்டால் இந்த மாதக் கணக்கு கெட்டுவிடும் என்று, உடல்நலம் குன்றியிருந்தவருடைய டீம் லீடர் இரண்டு முறை மறுத்திருந்ததையும் அறிக்கையில் அதே அளவு அழுத்தத்தோடு சேர்த்தேன்.

வரலாற்றுப் பதிவை நம்பச் சொல்லும் நான், அதைப் படிக்கத் தெரியாதவர்கள் கையில் அது எவ்வளவு ஆபத்தானது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஏஜென்ட், பயணியின் அழைப்பே இல்லாமல் முன்பதிவுகளை ரத்து செய்கிறார் என்று ஒரு குற்றச்சாட்டு வந்தது. ரத்துகள் அவருடைய அடையாளத்தில் இருந்தன. அந்த நேரங்களில் தொலைபேசிப் பதிவில் அழைப்பு எதுவும் இல்லை. விசாரணைக்கு முன்பே அவருடைய லாகினை முடக்கிவிட்டார்கள். காரணத்தைக்கூட அவரிடம் சொல்லவில்லை. கோப்பு என்னிடம் வந்தபோது முதலில் கண்ணில் பட்டது நேரம்தான். அமேடியஸின் வரலாற்றில் நேரம் கிரீன்விச் கணக்கில் பதிவாகும். எங்கள் தொலைபேசிப் பதிவோ ஏஜென்ட் இருக்கும் இடத்தின் நேரத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்தவுடன் ஒவ்வொரு ரத்துக்கும் நேராக ஓர் அழைப்பு வந்து உட்கார்ந்தது. ஒலிப்பதிவுகளில் பயணிகளே ரத்து செய்யச் சொல்லியிருந்தார்கள். அலுவலகத்தில் இருந்திருந்தால், என்ன நடக்கிறது என்று நாலு பேரிடம் கேட்டிருப்பார். வீட்டில் தனியாக, திறக்காத திரைக்கு முன்னால் அவர் கழித்த நாட்களுக்கு நிறுவனம் ஒரு வருத்தக் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டது, அது போதாது. குற்றம் சாட்டப்பட்டவரின் பார்வைக்கு மூலப் பதிவை வைத்து, அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகே எந்த முடிவும் எடுக்கப்பட வேண்டும் என்ற விதி அதன் பிறகுதான் எழுத்தில் வந்தது.

முறைகேடு என்றால் ஏஜென்டின் முறைகேடு மட்டுமே என்று எண்ணுவதும் இத்துறையின் பழக்கம். விமானங்கள் இரவும் பகலும் பறப்பதால் ஷிஃப்டுகளும் அப்படியே அமைகின்றன. நள்ளிரவு ஷிஃப்டில் புதிதாகச் சேர்ந்தவர் தன் டீம் லீடர் ஒருவரோடு மட்டுமே தொடர்பில் இருக்கிறார். வேலைக்குச் சம்பந்தமில்லாத தனிச் செய்திகள், காரணமில்லாமல் கேமராவைப் போடச் சொல்லும் அழைப்புகள், பணிந்து போகாதவருக்குக் கடினமான க்யூவை ஒதுக்குவது ஆகிய அனைத்தும் எங்களிடம் புகாராக வந்திருக்கின்றன, வராதவை எத்தனையோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் எண் உடன்படிக்கை, தகவல் தொடர்புச் சாதனங்கள் வழியாக வரும் துன்புறுத்தலையும் பணியிடத் துன்புறுத்தலாகவே கணக்கில் எடுக்கிறது. இது 2021 ஜூன் 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும், நேரில் நடக்காதது தீவிரமானதல்ல என்ற எண்ணத்தை விசாரணைக் குழுக்களிலேயே சந்தித்திருக்கிறேன். நேரில் நடப்பதற்காவது சாட்சி இருக்கும். இந்தச் செய்திகளை அவற்றைப் பெறுபவர் ஒருவர் மட்டுமே பார்க்கிறார். புகாரைக் கேட்பவர் அதே டீம் லீடருக்கு மேலே இருக்கும் மேலாளராக இருக்கும்வரை, பலர் புகாரைவிட ராஜினாமாவே எளிது என்று போய்விடுகிறார்கள். எங்கள் நிறுவனத்தில் இப்போது இந்தப் புகார்கள் விற்பனைப் பிரிவைத் தாண்டித் தனிக் குழுவுக்கு நேரடியாகப் போகின்றன.

க்யூ டார்கெட்டும் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு மாறியது. நேர மாற்றம் வந்த ஒரு பிஎன்ஆர் முடிந்ததாகக் கணக்கில் ஏற, அழைப்பின் பதிவு எண்ணோ பயணியின் எழுத்துப்பூர்வச் சம்மதமோ அதனுடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அழைத்தும் கிடைக்காத முயற்சியும் வேலையாகவே எண்ணப்படும். தினசரி எண்ணிக்கை கணிசமாக இறங்கியது. பழைய முறைக்கே போகலாம் என்று மாதாந்திரக் கூட்டங்களில் இன்னும் கேட்கிறார்கள். அதை எதிர்த்துப் பேசுவதே அக்கூட்டங்களில் என் முக்கிய வேலையாக இருக்கிறது. ஹோட்டல் முன்பதிவுப் பிரிவில் தேதி மாற்றங்களிலும் இதே வகைக் குறிப்புகள் தென்படுவதால், இவ்விதியை அங்கும் நீட்டிக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது.